லெப்பர்ட் கெக்கோ வளர்த்து விற்கலாமா? முட்டை பொரிவது ஈஸி... அதுக்கு அப்புறம்?

மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், தடித்த வால், எப்பவும் லேசாகச் சிரிக்கிற மாதிரி ஒரு வாய். செல்லப் பிராணிகள் ரீல்ஸ் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தவர்களுக்கு லெப்பர்ட் கெக்கோவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நம்ம வீட்டு டியூப் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் பல்லிக்கு இது தூரத்துச் சொந்தம். ஆனால் சுவர் ஏறாது, ஏனென்றால் விரல்களில் ஒட்டும் அமைப்பு கிடையாது. நம் பல்லிக்கு இமை இல்லை; இதற்கு உண்டு, கண்ணை மூடித் தூங்கும். ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலம்தான் பூர்வீகம். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல பத்தாண்டுகளாக வீடுகளில் இனப்பெருக்கம் செய்யப்படுகிறது. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 ஆண்டுகள் வரை சாதாரணமாக வாழும். 20 ஆண்டைத் தொட்டவையும் உண்டு.

இந்த ரீல்ஸ்களில் இப்போது புதுசாக ஒரு ரகம் வருகிறது. 'ஒரு ஆண், மூணு பெண், ஒரு தெர்மாகோல் பெட்டி போதும். வேலைக்குப் போய்க்கிட்டே சைடு இன்கம்.' சத்தம் போடாது, குரைக்காது, வாக்கிங் கூட்டிப் போக வேண்டாம், ஹவுஸ் ஓனருக்கே தெரியாது என்று பாயின்ட் பாயின்டாகச் சொல்வார்கள். அதில் பெரிய பொய் ஒன்றும் இல்லை. லெப்பர்ட் கெக்கோவை முட்டையிட வைப்பதும், முட்டையைப் பொரிக்க வைப்பதும் ஊர்வன வளர்ப்பிலேயே சுலபமான வேலைகளில் ஒன்றுதான். சிக்கல் என்னவென்றால், வீடியோ அந்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. செலவும், சட்டமும், மனசைப் பிசையும் முடிவுகளும் அதற்குப் பிறகுதான் வரிசையாக வருகின்றன.

முதலில் பூச்சிக் கணக்கு

ஒரு பெண் கெக்கோ ஒரு தடவைக்கு இரண்டு முட்டை போடும். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி இரண்டு. ஒரு சீசனில் இப்படி ஆறு தடவை என்று வைத்துக்கொள்வோம், 12 முட்டை. மூன்று பெண்ணுக்கு 36. எல்லாம் பொரியாது, மூன்றில் இரண்டு பங்கு என்று குறைத்தே போட்டாலும் 24 குட்டிகள்.

24 குட்டிகளையும் ஒரே தொட்டியில் போட முடியாது. பசி வந்தால் ஒன்று மற்றொன்றின் வால் நுனியையும் விரலையும் கடிக்கும். பலமானது எல்லாவற்றையும் தின்றுவிடும், நோஞ்சான் மூலையில் ஒதுங்கும். அதனால் தனித்தனிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டியிலும் சூடான பக்கம், குளிர்ந்த பக்கம், தோல் உரிக்க ஈரமான ஒரு மறைவிடம், தண்ணீர்க் கிண்ணம். 24 பெட்டியையும் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

அடுத்து சாப்பாடு. இது காய்கறி தின்னாது, உயிருள்ள பூச்சிதான் வேண்டும். குட்டிக்கு ஒரு நாளைக்கு ஆறு சின்னப் பூச்சி என்று போட்டால் 24 குட்டிக்கு 144. எல்லாம் விற்றுத் தீர மூன்று மாதம் ஆகிறது என்றால், ஏறக்குறைய 13,000 பூச்சிகள். பெரியவைகளின் சாப்பாடு இதில் சேரவில்லை. கடையில் கிடைக்கும் மீல்வார்ம் டப்பாக்களை மட்டும் நம்பினால் கட்டுப்படியாகாது என்பதால், பெரும்பாலானோர் பூச்சியையும் தாங்களே வளர்க்க ஆரம்பிக்கிறார்கள். அதாவது நீங்கள் பல்லிப் பண்ணை வைக்கப் போவதாக நினைத்திருப்பீர்கள். நிஜத்தில் வைக்கப்போவது பூச்சிப் பண்ணை. கிரிக்கெட் பூச்சி ராத்திரி முழுக்கக் கத்தும், தப்பித்துக் கட்டிலுக்கு அடியில் போகும், செத்தால் நாறும். இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டில் அம்மாவோ, ரூம்மேட்டோ முதலில் சண்டைக்கு வருவது பல்லிக்காக இருக்காது.

வெறும் பூச்சியும் போதாது. பூச்சிக்கு முதலில் சத்தான தீனி கொடுத்து, பிறகு கால்சியம் பொடியில் புரட்டி, அளவோடு டி3 வைட்டமினும் சேர்த்துத்தான் போட வேண்டும். தவறினால் குட்டியின் எலும்பு மெழுகு மாதிரி வளையும், கால் கோணும், தாடை தொங்கும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, உங்கள் ஊரில் குட்டி என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். உங்கள் ஒரு மணி நேரத்துக்கும் ஒரு கூலி போட்டுக் கழியுங்கள். பெரும்பாலானவர்கள் கழிப்பதே இல்லை. அதனால்தான் 'லாபம்' என்று ஒன்று தெரிகிறது.

ஆணா, பெண்ணா? முடிவு செய்வது வெப்பநிலை

மனிதர்களுக்குக் குரோமோசோம் தீர்மானிக்கும் விஷயத்தை லெப்பர்ட் கெக்கோவுக்கு வெப்பநிலை தீர்மானிக்கிறது. முட்டையை 26 டிகிரி செல்சியஸில் வைத்தால் அநேகமாக எல்லாம் பெண். 32.5 டிகிரியில் முக்கால்வாசி ஆண். இன்னும் ஏற்றி 34, 35 டிகிரிக்குப் போனால் மறுபடியும் பெரும்பாலும் பெண். ஆனால் அந்தச் சூட்டுப் பெண்களில் சில மலடாகவும், ஆண் போலச் சண்டைக்கார குணத்தோடும் இருக்கும் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம்.

இது வெறும் சுவாரசியத் தகவல் இல்லை, வியாபாரக் கணக்கே இதில்தான் இருக்கிறது. இரண்டு ஆணை ஒன்றாக விட்டால் ரத்தம் வரும் வரை கடித்துக்கொள்ளும். அதனால் வாங்குபவர்கள் பெரும்பாலும் பெண்ணைத்தான் கேட்பார்கள். தெர்மோஸ்டாட் இரண்டு டிகிரி தப்பாகக் காட்டினால், சீசன் முடிவில் யாரும் கேட்காத ஒரு டஜன் ஆண் உங்கள் வீட்டில் இருக்கும்.

வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து இன்குபேட்டர் செய்பவர்கள் கவனிக்காத ஒன்று உண்டு. அவை குளிர்நாட்டு வீடியோக்கள். அங்கே பிரச்னை சூடு ஏற்றுவது. பெட்டிக்குள் ஒரு ஹீட்டர் போதும். சென்னையிலோ, வேலூரிலோ, மதுரையிலோ மே மாதம் மதியம் பூட்டிய அறைக்குள்ளேயே 34, 35 சாதாரணம். இங்கே பிரச்னை சூட்டை இறக்குவது. ஹீட்டர் வைத்த தெர்மாகோல் பெட்டியால் அது முடியாது. குளிர்விக்கவும் செய்கிற இன்குபேட்டர் வேண்டும், இல்லையென்றால் இரவும் பகலும் ஏ.சி. ஓட வேண்டும். கரன்ட் போனால் என்ன செய்வது என்பதற்கு இன்வெர்ட்டரில் பதில் இருக்க வேண்டும். குறைந்த சூட்டில் வைத்தால் பொரிய மூன்று மாதம்கூட ஆகலாம், கூடுதல் சூட்டில் ஒன்றரை மாதத்தில் முடியலாம். அத்தனை நாளும் இந்தக் காவல் தொடரும்.

இன்னொரு சின்ன விஷயம். கோழி முட்டையைப் போல இதைத் திருப்பிவிடக் கூடாது. போட்ட நிலையிலேயே, மேல் பக்கம் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, அப்படியே எடுத்து ஈரமான வெர்மிகுலைட்டில் பதிக்க வேண்டும். கொஞ்ச நாள் கழித்து உருட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் கரு செத்துவிடும்.

தாய்க்கு என்ன ஆகும்?

50 கிராம் எடையுள்ள ஒரு பெண், தலா 3 கிராம் இருக்கும் இரண்டு முட்டை போடுகிறது என்றால், தன் எடையில் எட்டில் ஒரு பங்கை இறக்கி வைக்கிறது. அதையே இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, சீசன் முழுக்க. ஓட்டுக்கான கால்சியம் அதன் உடலிலிருந்துதான் வருகிறது. தடித்த வால்தான் இதன் கொழுப்புச் சேமிப்பு. முட்டை போடப் போட அந்த வால் மெலிவது கண்ணுக்கே தெரியும்.

அதனால்தான் ஒரு வயது தாண்டி, 45, 50 கிராம் எடையும் வந்த பிறகே ஜோடி சேர்க்க வேண்டும் என்பார்கள். எட்டு மாதத்திலேயே பருவம் வந்துவிட்டது என்று அவசரப்பட்டால், முட்டை வெளியே வராமல் உள்ளேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்து கூடும். அப்படிச் சிக்கினால் ஆபரேஷன் வரை போகலாம். இங்கேதான் நிஜமான கேள்வி: உங்கள் ஊரில் ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவர் யார்? நாய், பூனை, மாடு பார்ப்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. 50 கிராம் பல்லிக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவர் அபூர்வம். அவர் பெயரும் நம்பரும் உங்கள் போனில் ஏறுவதற்கு முன் ஜோடி சேர்க்காதீர்கள்.

லெமன் ஃப்ராஸ்ட்: ஒரு நிறத்தின் விலை

இந்தத் தொழிலில் பணம் நிறத்தில் இருக்கிறது. சாதாரண மஞ்சள், கறுப்புப் புள்ளிக்கு மதிப்பு குறைவு. ஆரஞ்சு, வெள்ளை, புள்ளியே இல்லாதது, கண் முழுக்கக் கறுப்பு என ஒவ்வொரு அபூர்வ ரகத்துக்கும் ஒரு பெயர் வைத்து 'மார்ஃப்' என்று விற்கிறார்கள். புதிய மார்ஃப் ஒன்று கிடைத்தால் முதல் சில வருஷங்களுக்கு அதை வைத்திருப்பவர் சொல்வதுதான் விலை.

அப்படி அமெரிக்காவில் ஒரு பிரீடரிடம் தற்செயலாகப் பிறந்ததுதான் லெமன் ஃப்ராஸ்ட். எலுமிச்சை மஞ்சளின் மேல் பனி படர்ந்த மாதிரி வெண்மை, வெள்ளி மின்னும் கண்கள். ஏலத்துக்கு வந்தது, வாங்கியவர் இனப்பெருக்கம் செய்தார், குட்டிகள் சந்தைக்கு வந்தன, ஆர்வலர்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். கொஞ்ச காலத்தில் அந்தக் குட்டிகளின் தோலில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள் தெரிய ஆரம்பித்தன. தோல் புற்று.

கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தைச் சேர்ந்த லாங்ஹுவா குவோ, லியோனிட் க்ருக்லியாக் குழுவினர் இதை எடுத்து ஆராய்ந்தார்கள். 2021-ல் 'பிளாஸ் ஜெனடிக்ஸ்' ஆய்விதழில் முடிவு வெளியானது. லெமன் ஃப்ராஸ்ட் விலங்குகளில் 80 சதவிகிதத்துக்கும் மேல் இந்தக் கட்டி வருகிறது. காரணம் ஸ்பின்ட்1 என்ற ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றம். கட்டி வராமல் தடுக்கிற வேலையைச் செய்வதாகக் கருதப்படும் மரபணு அது, மனிதர்களிலும் உண்டு.

பிரீடர்கள் அதுவரை ஒரு நம்பிக்கையில் இருந்தார்கள். நல்ல ஆரோக்கியமான வேறு வம்சத்தோடு கலந்து கலந்து விட்டால், நிறம் தங்கும், நோய் கழன்றுவிடும் என்று. நோய் வேறு, நிறம் வேறு என்றால் அது நடந்திருக்கும். இங்கே இரண்டும் ஒன்றே. வெண்மையைத் தரும் நிறச் செல்கள் அளவுக்கு மீறிப் பெருகுவதால்தான் அந்தப் பனி நிறம். அதே பெருக்கம் நிற்காமல் போவதுதான் கட்டி. அந்த மாற்றம் அப்பா வழியிலோ அம்மா வழியிலோ ஒரே ஒரு பிரதி வந்தாலே போதும். நிறத்தைக் கொண்டு பிறக்கும் ஒவ்வொரு குட்டியும் நோயின் விதையோடுதான் பிறக்கிறது. இதைப் பார்த்த பிறகு, அந்த மார்ஃபைப் பிரபலமாக்கிய பிரீடரே அதை இனப்பெருக்கம் செய்வதை நிறுத்திவிட்டார்.

'எனிக்மா' என்று இன்னொரு மார்ஃப் இருக்கிறது. புள்ளிகள் சிதறி, ஓவியம் மாதிரி இருக்கும். இதில் பலவற்றுக்கு நரம்புக் கோளாறு: தலை ஒரு பக்கம் சாயும், ஒரே இடத்தில் வட்டமடிக்கும், பூச்சியைக் குறி வைத்துப் பாய்ந்தால் பக்கத்தில் விழும். விற்பவர் வீடியோ எடுக்கும் அந்த 15 விநாடியில் இது தெரியாது. என்னைக் கேட்டால், இந்த இரண்டு மார்ஃபுகளையும் இன்றும் 'ரேர்' என்று சொல்லி விற்பவரிடம் வேறு எதையும்கூட வாங்க மாட்டேன்.

நீங்கள் ஜோடி வாங்கும்போது கேட்க வேண்டியது நிறம் மட்டும் இல்லை. இதன் அப்பா, அம்மா யார்? இரண்டும் ஒரே முட்டைத் தொகுதியில் பிறந்தவையா? நம் ஊரில் ஒரு சில ஜோடியிலிருந்தே கை மாறிக் கை மாறிப் பெருகும்போது, அண்ணன் தங்கையை ஜோடி என்று விற்பது ரொம்பச் சுலபம். எழுதி வைத்த பரம்பரைக் குறிப்பு இல்லையென்றால் அதைக் கண்டுபிடிக்க வழியும் இல்லை.

இதே மாதிரி கண்ணுக்குத் தெரியாமல் வருவது கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடல் ஒட்டுண்ணி. நன்றாகத் தின்றுகொண்டிருந்த பல்லி மெலிய ஆரம்பிக்கும், வால் குச்சியாகும். நம்பகமான மருந்து கிடையாது, வழக்கமான கிருமிநாசினிக்கும் அடங்காது. புதிதாக வந்த ஒன்றை முதல் நாளே மற்றவற்றோடு சேர்த்ததால் மொத்தக் கூட்டத்தையும் இழந்தவர்கள் உலகம் முழுக்க உண்டு. புது வரவுக்குத் தனி அறை, தனி இடுக்கி, தனிக் கிண்ணம் என்று மூன்று மாதம் ஒதுக்கி வைப்பதும், எச்சத்தைப் பரிசோதிப்பதும்தான் ஒரே பாதுகாப்பு.

சட்டம் என்ன சொல்கிறது?

கடையில் சொல்லும் பெயர் சட்டத்துக்குத் தெரியாது. அறிவியல் பெயர்தான் தெரியும். இந்த ஒரு வரியை மறக்காதீர்கள். ரீல்ஸில் வரும் லெப்பர்ட் கெக்கோவின் அறிவியல் பெயர் யூப்ளெஃபாரிஸ் மேக்குலேரியஸ். அதே யூப்ளெஃபாரிஸ் பேரினத்தில் இந்தியக் காடுகளிலேயே வாழும் இனங்களும் இருக்கின்றன. ஒன்று ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம். இன்னொன்று மேற்கு இந்தியாவில். சாத்பூரா மலைப் பெயரைத் தாங்கியது மூன்றாவது. ஆந்திரா, ஒடிசாவில் வாழும் ஒன்று 2022-ல்தான் தனி இனமாக விவரிக்கப்பட்டது. காட்டிலிருந்து பிடித்து வந்ததை 'லெப்பர்ட் கெக்கோ' என்று சொல்லி உங்கள் தலையில் கட்டினால், வித்தியாசம் புதியவர் கண்ணுக்குப் படாது. வன அதிகாரிக்குப் படும்.

வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972, கடந்த 2022 டிசம்பரில் பெரிய அளவில் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. முன்பு ஆறு அட்டவணைகள், இப்போது நான்கு. முதல் இரண்டு, பாதுகாக்கப்பட்ட விலங்குகள். அவற்றில் இருக்கும் ஒன்றைப் பிடித்து வளர்த்து விற்பது குற்றம். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். வைத்திருந்தது நிரூபணமானால், சட்டப்படிதான் வைத்திருந்தேன் என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. 'ஆன்லைன்ல வாங்கினேன் சார், எனக்குத் தெரியாது' என்பது உதவாது.

நான்காவது அட்டவணைதான் வெளிநாட்டு இனங்களுக்கானது. சைட்டிஸ் என்ற உலக ஒப்பந்தத்தில் இருக்கும் இனங்கள் இதில் வருகின்றன. மடகாஸ்கர் பக்கத்துப் பச்சை நிற 'டே கெக்கோ'க்கள், இலை போலவே வால் உள்ள கெக்கோக்கள், டோக்கே கெக்கோ எல்லாம் இரண்டாம் பின்னிணைப்பில். நீல நிறத்தில் ஜொலிக்கும் தான்சானியக் குட்டிக் கெக்கோ ஒன்று, 2017 முதல் மிகக் கடுமையான முதல் பின்னிணைப்பில். இவற்றை வைத்திருப்பவர்கள் 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி மத்திய அரசின் 'பரிவேஷ்' தளத்தில் பதிவு செய்ய வேண்டும். குட்டி பிறந்தாலும், இறந்தாலும், கை மாறினாலும் தெரிவிக்க வேண்டும். முதல் பின்னிணைப்பு இனத்தை இனப்பெருக்கம் செய்ய, அதற்கென்றே தனிப் பதிவு வேண்டும்.

விற்பனைக்கு இன்னொரு சட்டம். செல்லப் பிராணிக் கடைகளுக்கான 2018 விதிகளின்படி, மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் வியாபாரம் செய்யக் கூடாது. கடை என்றால் ஷட்டர் போட்ட கடை என்று நினைத்துவிட வேண்டாம். விலங்குகளை விற்பனைக்கு வைத்திருக்கும் இடமும், ஆன்லைன் தளமும் அதில் அடங்கும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது இன்னும் கறார். இறக்குமதி அனுமதி, கால்நடைத் தனிமைப்படுத்தல் துறையின் சான்று எல்லாம் வேண்டும். பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பெட்டியில் சாக்லேட் டப்பாவுக்குள் பல்லியும் பாம்பும் பிடிபட்டதாகச் சென்னை விமான நிலையச் செய்திகள் அடிக்கடி வருகின்றனவே, அவை இதைத் தாண்டப் பார்த்தவர்களின் கதைகள். அப்படி வந்து பிடிபடாமல் தப்பியவை எங்கே போகின்றன என்று யோசித்தால், 'பில் எல்லாம் வேணாம் ப்ரோ' என்று விற்பவரின் விலை ஏன் குறைவாக இருக்கிறது என்பது புரியும்.

ஆகவே வாங்கும் முன் அறிவியல் பெயரை எழுத்தில் வாங்குங்கள். அதை நான்கு அட்டவணைகளிலும் தேடுங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்தில் கடிதமாகக் கேளுங்கள். பில், விற்பவரின் பதிவு எண், பிறந்த தேதி, பெற்றோர் குறிப்பு எல்லாம் ஒரு ஃபைலில் இருக்கட்டும். நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்களிடம் வாங்குபவருக்கும் இதே ஃபைல்தான் பாதுகாப்பு.

'பண்ணையில் பிறந்தது' என்றால் நம்பலாமா?

டோக்கே கெக்கோவின் கதை இதற்குச் சரியான பதில். தென்கிழக்கு ஆசியாவிலும் நம் வடகிழக்கு மாநிலங்களிலும் வாழும் பெரிய பல்லி அது. இரவில் 'டோக்-கே' என்று கத்துவதால் அந்தப் பெயர். 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில், இது எய்ட்ஸைக் குணப்படுத்தும் என்று ஒரு வதந்தி கிளம்பியது. பெரிய பல்லிக்கு லட்சக்கணக்கில் விலை என்று பேச்சு பரவியது. எந்த மருத்துவ ஆதாரமும் இல்லை. பிலிப்பைன்ஸ் அரசு 2011-ல் வெளிப்படையாகவே எச்சரித்தது. அதற்குள் காட்டில் பல்லி பிடிக்கக் கூட்டம் இறங்கிவிட்டது. அசாம் பக்கம் இன்றும் டோக்கே கடத்தல் செய்தி வருவதற்கு அந்த வதந்தியின் வாலும் ஒரு காரணம்.

இந்தோனேசியா, வளர்ப்பில் பிறந்த டோக்கேக்களை ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேல் உயிரோடு ஏற்றுமதி செய்யச் சில நிறுவனங்களுக்கு அனுமதி கொடுத்திருந்தது. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் 'டிராஃபிக்' அமைப்பு 2015-ல் ஒரு எளிய கணக்குப் போட்டுப் பார்த்தது. வெறும் 10 லட்சம் டோக்கேயை வளர்ப்பில் உருவாக்க, 1,40,000 பெண், 14,000 ஆண், 30,000 அடைகாக்கும் பெட்டிகள், 1,12,000 வளர்ப்புக் கூண்டுகள், நூற்றுக்கணக்கான ஆட்கள் வேண்டும். பூச்சிச் செலவே விற்கும் விலையைத் தாண்டிவிடும். அப்படியானால் அந்தப் பல்லிகள் எங்கிருந்து வந்தன? காட்டிலிருந்து பிடித்து, காகிதத்தில் 'பண்ணை' என்று எழுதப்பட்டவை என்பதுதான் அந்த அறிக்கையின் முடிவு. 2019-ல் டோக்கே சைட்டிஸ் பட்டியலில் சேர்ந்தது.

உங்களுக்கு ஜோடி விற்க வருபவரிடமும் இதே கணக்கைப் போடலாம். மாதம் 100 குட்டி விற்பவரின் வீட்டில் எத்தனை தாய் இருக்க வேண்டும், எத்தனை பெட்டி, எத்தனை பூச்சி? 'ஒரு தடவை வந்து பார்க்கலாமா?' என்று கேளுங்கள். மழுப்பினால் அதுவே பதில்.

யாருக்கு விற்பீர்கள்?

முதல் பத்துக் குட்டியை நண்பர்களும் நண்பரின் நண்பர்களும் வாங்குவார்கள். பதினொன்றாவதிலிருந்துதான் முகம் தெரியாத ஆள். கோவையிலிருந்து ஒருவர், 'பணம் அனுப்பிட்டேன், பஸ் பார்சல்ல போட்டு விடுங்க' என்பார். மே மாத மதியத்தில் பஸ்ஸின் லக்கேஜ் பெட்டிக்குள் என்ன சூடு இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நேரில் வந்து வாங்குபவருக்கு மட்டும் தருவேன் என்று முடிவெடுத்தால் வியாபாரம் பாதியாகும். நான் அந்தப் பாதியே போதும் என்பேன்.

வாங்குபவர் வீட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தை இருக்கிறதா என்றும் கேட்க வேண்டும். ஆரோக்கியமான பல்லியின் குடலிலும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கும். சின்னக் குழந்தைகள், முதியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கும் வீட்டில் ஊர்வன வேண்டாம் என்பதே அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அறிவுரை. மற்றவர்களும் தொட்ட கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், கிண்ணத்தைச் சமையலறை சிங்க்கில் கழுவக் கூடாது. இதைச் சொன்னால் சிலர் வாங்காமல் போவார்கள். போகட்டும்.

ஆறு மாதம் கழித்து, 'வேலை மாத்திட்டு பெங்களூரு போறேன், திருப்பி எடுத்துக்குறீங்களா?' என்று மெசேஜ் வரும். கொரோனா காலத்தில் நாய்களுக்கு என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பல்லிக்குத் தெருவில் சோறு போடவும் ஆள் கிடையாது. திருப்பி எடுக்கத் தயாராக இல்லாதவர் இதில் இறங்கக் கூடாது என்பது என் அபிப்பிராயம். விற்காமல் தங்கிய ஆண்கள், கால் கோணலானவை, இப்படித் திரும்பி வந்தவை எல்லாம் சேர்ந்தால் ஐந்து வருஷத்தில் உங்கள் வீட்டில் எத்தனை இருக்கும்? கல்யாணம், வெளிநாட்டு வேலை, வீடு மாற்றம் எல்லாம் அந்த எண்ணிக்கையோடுதான் நடந்தாக வேண்டும்.

தோட்டத்தில் விட்டுவிடலாம் என்ற எண்ணம் மட்டும் வரவே கூடாது. மடகாஸ்கரின் பெரிய டே கெக்கோ, செல்லப் பிராணி வியாபாரம் மூலம் போய் ஃபுளோரிடா தீவுகளில் வேரூன்றிவிட்டது. அதே இனம் மொரீஷியஸில் உள்ளூர்ப் பல்லிகளுக்கு எதிரியாகிவிட்டது. டோக்கேயும் ஃபுளோரிடாவில் உண்டு. நம் ஊரில் விட்டால் பெரும்பாலும் காக்காய்க்கும் பூனைக்கும் இரையாகும். ஆகாமல் தப்பினால் அது வேறு மாதிரி ஆபத்து.

'ஏற்கெனவே முட்டை போட்டுடுச்சே, இப்ப என்ன பண்றது?'

கெக்கோ வைத்திருப்பவர்கள் பலர் இந்தக் கேள்வியோடுதான் உதவி தேடி வருவார்கள். ஆண் பக்கத்திலேயே இல்லாவிட்டாலும் பெண் முட்டை போடும். அது கருவில்லாத முட்டை, மெத்தென்று இருக்கும், சில நாளில் பூஞ்சை பிடித்துச் சுருங்கிவிடும். ஆனால் நீங்கள் வளர்ந்த பெண்ணாக வாங்கியிருந்தால் கவனம் தேவை. முன்பு சேர்ந்த ஆணின் விந்தணுவை உடலுக்குள் மாதக்கணக்கில் சேமித்து வைத்து, அந்த சீசன் முழுக்கக் கருவுள்ள முட்டை போட இதனால் முடியும். 'தனியாத்தானே இருக்கு' என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குட்டி வந்துவிடும்.

முட்டை போட்டிருந்தால் முதலில் தாயைப் பாருங்கள். ஈரமான மண் நிறைந்த ஒரு டப்பா, கூடுதல் கால்சியம், தினமும் தீனி, வாரம் ஒருமுறை எடை. இரண்டு முட்டைக்குப் பதில் ஒன்றுதான் வந்திருக்கிறது, வயிறு இன்னும் கனமாக இருக்கிறது, சாப்பிடவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவர்.

முட்டையை என்ன செய்வது என்று முடிவெடுக்க அதிக நாள் இல்லை. ஒரு வாரம் கழித்து இருட்டில் டார்ச் அடித்துப் பார்த்தால், கருவுள்ள முட்டையில் இளஞ்சிவப்பும் மெல்லிய ரத்த நாளங்களும் தெரியும். அதற்கு முன்பே, குட்டியை ஏற்க ஆள் இல்லை, வம்சம் தெரியாது, பெட்டியும் பூச்சியும் இல்லை என்றால், போட்ட அன்றே முட்டையை ஃப்ரீஸரில் வைத்துவிட்டு அப்புறப்படுத்துவதுதான் பொறுப்பான பல பிரீடர்கள் செய்வது. முதல் நாளில் உள்ளே இருப்பது மிகச் சிறிய கரு. ஐந்தாவது வாரத்தில் அது கால், வாலோடு அசையும் குட்டி. அப்போது அந்த முடிவை எடுக்க யாருக்கும் கை வராது.